எண்பது புள்ளி நாலு

– அதாவது, அளவெடுத்த அந்த மூணு வாரமும் ஒரே பாட்டில்தான். சரியா?

– ஒரே பாட்டில்தான் மேடம். அது பாருங்க, நேத்து சொன்னதுதான். இன்னைக்கு மாத்தியா சொல்லப் போறேன்?

– கோபத்துல கேக்கலைண்ணா. இன்னொரு தடவை உங்க வாயால கேக்கணும்னு தோணிச்சு. கதவ சாத்திட்டு வந்து உக்காருங்க.

– நிக்கறேனே. அங்க மெஷின் சூடாகிட்டு இருக்கு. பசங்க யாராவது கை வெச்சா, அப்புறம் ராத்திரி வரைக்கும் நான் அதுக்கு வைத்தியம் பாக்கணும்.

– மெஷின் எங்கயும் ஓடிடாது. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடுது. இந்த நாற்காலில உக்காருங்க.

– இருபத்திரண்டு வருஷமா ஆடுது, ஒருத்தரையும் கீழ தள்ளினதில்ல. சரி, உக்காந்துட்டேன். என்ன மேடம், உங்க போன் இன்னைக்குச் சத்தமே காணோம்?

– அணைச்சு வெச்சிருக்கேன். துணைவேந்தர் நேத்து சாயங்காலம் மட்டும் ஆறு தடவை கூப்பிட்டார்.

– ஆறு தடவையா? என்னதான் சொன்னார்?

– அவர் சரித்திரம் படிச்சவர். ஸ்டாண்டர்ட் சொல்யூஷன்னா என்னன்னு முதல்லேர்ந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. கடைக்காரர் எடைக்கல் மாதிரின்னு சொன்னேன். கல்லு தேஞ்சு போயிருந்தா அத வெச்சு நிறுத்ததெல்லாம் தப்பு. தண்ணில எவ்வளவு விஷம் இருக்குன்னு நம்ம மெஷின் அந்த பாட்டிலோட ஒப்பிட்டுத்தான் சொல்லுது. பாட்டில் தேதி முடிஞ்சு போனதுன்னா, நாம கண்டுபிடிச்ச ஃபில்டர் விஷத்த எடுக்குதா இல்லையான்னு நமக்கே தெரியாதுன்னு சொன்னேன்.

– அதுக்கு?

– 'மூணு வருஷத்துல அந்தத் தண்ணியக் குடிச்சவங்க யாராவது புகார் பண்ணாங்களா'ன்னு கேட்டார்.

– சிரிக்கறதா அழறதான்னு தெரியல மேடம்.

– நான் ரெண்டும் பண்ணல. அப்புறம் விஷயத்துக்கு வந்தார். தர மதிப்பீட்டுல எண்பது மார்க் வாங்கின பல்கலைக்கழகம் இனிமே ஃபீஸ தானே முடிவு பண்ணிக்கலாம், அரசாங்கத்தக் கேக்க வேண்டாம். நமக்கு எண்பது புள்ளி நாலு. இன்னைக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட மூடறாங்க. ஃபில்டர பத்தின என் ஆராய்ச்சிப் பேப்பர நான் திரும்ப வாங்கிக்கிட்டா ஒண்ணரை மார்க் போயிடும்.

– எழுபத்தெட்டு புள்ளி ஒம்போது.

– கணக்கு போட்டு வெச்சிருக்கீங்க.

– கேன்டீன்ல டீ ஆத்தறவர் கூட போட்டு வெச்சிருக்கார் மேடம். இந்த ஒரு மாசமா இங்க வேற பேச்சு ஏது?

– 'ஒரே ஒரு வாரம் பொறுங்க. லிஸ்ட் வந்ததுக்கப்புறம் உங்க மனசாட்சிப்படி என்ன வேணா எழுதுங்க'ன்னார். திட்டல, மிரட்டல. கெஞ்சினார். அதுதான் தாங்க முடியல.

– அவரையும் குறை சொல்ல முடியாது.

– முடியாது. நானே பல்கலைக்கழகக் கூட்டத்துல எழுந்து ஃபீஸ் உரிமை வேணும்னு பேசினவதான்.

– தெரியும் மேடம். ஊழியர் சங்கத்து சார்புல பின் வரிசைல உக்காந்திருந்தேனே. நல்லாத்தான் பேசினீங்க.

– மனசுலேர்ந்து சொல்றீங்களா?

– அது பாருங்க, நீங்க சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல. ஒம்போது வருஷமா அரசாங்கம் ஒரே தொகைதான் குடுக்குது. புகை இழுக்கற ஃபேன் நாலு வருஷமா ஓடல. பசங்க மூக்குல துணியக் கட்டிக்கிட்டு ஆசிட் ஊத்தறாங்க. நல்ல வாத்தியாருங்க ஒவ்வொருத்தரா தனியாருக்குப் போறாங்க. ஃபீஸ் ஏத்தினா இதெல்லாம் சரியாகும், முடியாதவங்களுக்கு அதுலேர்ந்தே சலுகை குடுக்கலாம்னு சொன்னீங்க. நானும் கை தட்டினேன். பக்கத்துல இருந்தவர் கூட என்னை முறைச்சார்.

– அப்ப ஏன் அன்னைக்கு வெளில வந்ததும் என் முகத்தப் பாக்காம போனீங்க?

– போனேனா?

– போனீங்க. வழக்கமா பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கிட்டே வருவீங்க. அன்னைக்கு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிட்டீங்க. உங்களுக்கு சைக்கிளே கிடையாது.

– மேடம், அது ஒரு பெரிய விஷயமா? நீங்க லேப் நோட்ட பத்திப் பேசத்தானே கூப்பிட்டீங்க.

– இதுக்கும் சேத்துத்தான். அந்த சலுகைக்கு ஒரு வருமானக் கோடு போட்டிருக்காங்க இல்ல, அதுல நீங்க எந்தப் பக்கம்?

– ...கொஞ்சம் மேல.

– எவ்வளவு மேல?

– ஒரு இன்கிரிமென்ட் அளவுக்கு மேல.

– எந்த இன்கிரிமென்ட்?

– விடுங்க மேடம்.

– நான் எழுதிக் குடுத்ததா? இருபது வருஷ சேவைக்கு சிறப்பு இன்கிரிமென்ட்னு ரெண்டு வருஷம் முன்னாடி நடையா நடந்து வாங்கினேனே, அதா?

– நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. அன்னைக்கு வீட்டுல உங்க பேரச் சொல்லி இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அது இல்லைன்னா கோட்டுக்குக் கீழ, பாப்பாவுக்குப் பாதி ஃபீஸ். அது இருக்கறதால கோட்டுக்கு மேல, முழு ஃபீஸ். அதுவும் இப்ப இருக்கறதுல ரெண்டரை மடங்கு. என் ஆறு மாச சம்பளம். சோறு வேண்டாம், வாடகை வேண்டாம்னு இருந்தாலும் ஆறு மாச சம்பளம்.

– என்கிட்ட ஏன் சொல்லல?

– என்னன்னு சொல்லுவேன்? 'மேடம், சம்பளத்தக் கொஞ்சம் குறைச்சு விடுங்க'ன்னா? ஆபீஸ்ல கேட்டேன், உண்மையாவே கேட்டேன். அந்த கிளார்க் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, 'ஏதாவது தப்பு பண்ணுங்க, இன்கிரிமென்ட வெட்டுவாங்க'ன்னார். பெரிய ஜோக்கு மாதிரி அந்த செக்‌ஷனே சிரிச்சுது.

– உங்க பொண்ணுக்கு சீட் வந்த லெட்டர் வந்துடுச்சா?

– வந்து மூணு வாரம் ஆச்சு. நம்ம டிபார்ட்மென்ட்லதான். பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கா. யாரு வீட்டுக்கு வந்தாலும், கரண்ட் பில் பாக்க வந்தவர்கிட்ட கூட எடுத்துக் காட்டறா. 'அப்பா, நான் வந்தா, சொட்டு விடற பியூரெட்ட நீ பிடிப்பியா நான் பிடிக்கவா'ன்னு கேக்கறா. பசங்க எனக்கு வெச்ச பேரு வேற அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

– அரைச்சொட்டு.

– ஆமா. இனிமே வீட்டுலயும் அரைச்சொட்டுதான்.

– சொட்டு விழறதுக்கு முன்னாடி பாதிலயே நிறுத்தி, நுனில தொங்கறதக் கண்ணாடில ஒத்தி எடுப்பீங்க. வேற எந்த லேப்லயும் அந்தக் கைய நான் பாத்ததில்லைண்ணா. அந்தப் பேர வெச்சவங்க கேலிக்கு வெக்கல.

– இப்ப எதுக்கு மேடம் இந்தப் பேச்சு?

– ஏன்னா நேத்துலேர்ந்து உங்க முகம் சரியில்ல. நீங்க பண்ணின தப்புனாலதான் இவ்வளவும்னு உள்ளுக்குள்ள வெச்சு உருகறீங்க. நல்லாக் கேட்டுக்குங்க. பழைய நோட்ட ஸ்கேன் பண்ணச் சொன்னாங்க, நீங்க அந்த வரியப் பாத்தீங்க, மறைக்காம என்கிட்ட கொண்டுவந்து நீட்டினீங்க. வேற ஒருத்தரா இருந்தா அந்தப் பக்கத்த மட்டும் ஸ்கேன் பண்ணாம விட்டிருப்பாங்க.

– மேடம்...

– இருங்க, முடிச்சுடறேன். 'புது பாட்டில் வரல, தேதி முடிஞ்சது உபயோகம்'னு பக்கத்துக்கு அடியில பளிச்சுனு எழுதியிருக்கு. பேப்பர் எழுதும்போது அந்த நோட்ட நான் எத்தனை தடவை புரட்டியிருப்பேன்? ஒரு தடவை கூட என் கண்ணுல படல. எப்படிப் படாம போச்சுன்னு நேத்தெல்லாம் யோசிச்சேன்.

– அடியில இருக்கற வரி மேடம். கண்ணு நம்பருக்குத்தான் போகும்.

– இல்ல. பாக்கணும்னு நான் நினைக்கல, அதான். வெளில ரெண்டு லேப்ல நம்ம அளவு வரலைன்னு எழுதினாங்க, ஞாபகம் இருக்கா? அவங்க கைதான் சரியில்லன்னு பதில் எழுதினேன். எவ்வளவு திமிரா எழுதினேன். இப்ப நினைச்சா உடம்பு கூசுது.

– அவங்க கை நிஜமாவே சரியில்லாம இருந்திருக்கலாமே. திரும்ப ஒரு தடவை அளந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமே மேடம்?

– அந்த சாம்பிள் எல்லாம் தீர்ந்து போச்சு. புதுசா எடுத்து, வடிகட்டி, அளந்து முடிக்க எட்டு மாசம் ஆகும். அது வரைக்கும் தெரியாதத தெரியும்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. உங்க நோட்டு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு எண்ணு தப்பினதில்ல. அது தப்புன்னு சொன்னா தப்புதான். கொஞ்சம் தண்ணி குடுங்க.

– இந்தாங்க.

– இது எந்தத் தண்ணி?

– நம்ம ஃபில்டர்லேர்ந்து பிடிச்சது.

– ஐயோ, இத இன்னுமா குடிக்கறீங்க? வேண்டாம்ணா. வெளிக் குழாய்ல பிடிச்சுட்டு வாங்க. நீங்களும் இனிமே இதத் தொடாதீங்க.

– பழக்கம் மேடம். கை அங்கதான் போகுது.

– மூணு வருஷமா உங்களுக்கும் இதக் குடுத்திருக்கேன். என்னைத் திட்டக் கூட உங்களுக்குத் தெரியல.

– திட்டறதுக்கு என்ன இருக்கு... ஒண்ணு கேக்கவா? இந்தப் பேப்பர் போச்சுன்னா உங்களுக்கு என்ன ஆகும்?

– எனக்கு என்ன? பெரிய ப்ராஜெக்ட் போகும். ஃபில்டர் வெக்கறதா இருந்த ஊருக்கெல்லாம் இப்ப வெக்காதீங்கன்னு சொல்லணும். சில பேர் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. நம்ம ஆளுங்க என்னைக் கண்டா வேற பக்கம் திரும்புவாங்க, ஃபீஸ் பணத்துல வர வேண்டிய அவங்க ஃபேனும் போச்சு இல்ல? பழகிடும்.

– இவ்வளவு ஆகும்னு நான் நினைக்கல.

– நீங்க ஏன் நினைக்கணும்? அது உங்க வேலை இல்ல. இன்னொண்ணு, ஃபீஸ் ஏறினா உங்க பொண்ணுக்கு நான் கட்டலாம்னு போன வாரமே நினைச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன். இப்ப அதுக்குத் தேவை இருக்காது. ஆனா நினைச்சேன்கறது உங்களுக்குத் தெரியணும்.

– போன வாரமா?

– ஆமா. ஏன்?

– ஒண்ணுமில்ல... நான் வாங்கியிருக்க மாட்டேன் மேடம். நாளைக்கு அவ உங்க கிளாஸ்ல தப்பா எழுதுவா. நீங்க மார்க்க குறைச்சா அவளுக்கு வலிக்கும், குறைக்கலைன்னா எனக்கு வலிக்கும். என் ஒரு பொண்ணுக்கு நீங்க கட்டுவீங்க. பஸ் ஓட்டறவர் பையனுக்கு யாரு? நர்ஸம்மா பொண்ணுக்கு? கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல நிக்கறவங்க இந்த ஊருல எத்தனை பேர் தெரியுமா? ஏழைன்னும் சொல்ல மாட்டாங்க, பணக்காரன்னும் சொல்ல மாட்டாங்க. எங்களுக்குன்னு ஒரு ஃபாரம் கூட கிடையாது.

– அன்னைக்குக் கூட்டத்துல இத நீங்க எழுந்து சொல்லியிருக்கலாம்.

– பின் வரிசைக்கு மைக் வரல மேடம்.

– ...சரி. அடுத்தது. உங்கள கூப்பிட்டது இதுக்குத்தான். நாளைக்கோ மறுநாளோ விசாரணைன்னு யாராவது வருவாங்க. பாட்டில யாரு திறந்தாங்க, யாரு கலக்கினாங்கன்னு கேப்பாங்க. நீங்க ஒரே ஒரு பதில்தான் சொல்லணும். மேடம்தான் கலக்கினாங்க, நான் நோட்டுல எழுதினேன், அவ்வளவுதான்.

– நீங்களா? நீங்க எங்க கலக்கினீங்க? அந்த மூணு வாரமும் நான்தானே...

– எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. நோட்டுல யாரு கலக்கினாங்கன்னு எழுதல. நீங்கன்னு சொன்னா என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா?

– ஒரு மெமோ குடுப்பாங்க. மிஞ்சிப் போனா அந்த இன்கிரிமென்ட வெட்டுவாங்க. வெட்டினா நல்லதுதான், கோட்டுக்குக் கீழ வந்துடுவேன்.

– விளையாடாதீங்க. ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஃபீஸ் உரிமை போனதுக்கு யாராவது ஒருத்தர் தலை உருளணும் இல்லையா? எங்க தலைய உருட்ட மாட்டாங்க. எங்களுக்கு பலமான சங்கம், வக்கீல், பேரு எல்லாம் இருக்கு. உங்கள வேலைய விட்டே தூக்கிடுவாங்க. அதான் பேப்பர திரும்ப வாங்கிக்கறேன்னு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதின லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கேன்.

– என்னன்னு எழுதியிருக்கீங்க?

– படிக்கறேன், கேட்டுக்குங்க. நீங்க மாத்திச் சொல்லிடக் கூடாது. 'தேதி முடிந்த பாட்டில் என்று தெரிந்தும், அவசரத்தின் காரணமாக, நானே அதைத் திறந்து கலவை தயாரித்தேன். அப்போது ஆய்வக உதவியாளர் என்னை எச்சரித்தார். நான் கேட்கவில்லை. இதில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.'

– மேடம்.

– 'எச்சரித்தார்'னு போட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனா நீங்க நிச்சயமா சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் ஞாபகம் இல்ல.

– மேடம், போதும். நிறுத்துங்க.

– ஏன்ணா, என்ன ஆச்சு? அழாதீங்க. ஒரு வரிக்குப் போய் யாராவது...

– அந்த வரிய நான் எழுதினது முந்தாநாள்.

– எந்த வரிய?

– நோட்டுல இருக்கற வரிய. மூணு வருஷம் முன்னாடி எழுதினது இல்ல. முந்தாநாள் மத்தியானம், நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ரெண்டு வரி காலியா விடுவேன் இல்ல, ஏதாவது விட்டுப் போனா எழுதறதுக்கு. அதுல எழுதினேன். பழைய இங்க் பேனாவத் தேடி எடுத்து எழுதினேன். நீங்க அப்பப் பாக்கலைன்னு உங்களையே நீங்க திட்டிக்கறீங்களே, அப்ப அது அங்க இல்லவே இல்ல மேடம். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

– அப்ப பாட்டில்?

– புதுசு. அன்னைக்குத்தான் சீல உடைச்சேன்.

– தேதி?

– இன்னும் ஒரு வருஷம் இருந்துது.

– கலவை?

– அரைச்சொட்டு கூடத் தப்பில்ல. என் பொண்ணு மேல சத்தியம்.

– அப்ப ஃபில்டர்?

– வேலை செய்யுது. நீங்க எழுதினது அத்தனையும் சரி. அந்தத் தண்ணிய நான் தினமும் குடிக்கறேன், வீட்டுக்கும் கொண்டு போறேன். ஒரு மார்க் குறைஞ்சா போதும், ஃபீஸ் ஏறாதுன்னு கணக்கு போட்டேன். பழி என் மேல வரும், ஒரு மெமோவோட போகும்னு நினைச்சேன். நீங்க உங்க தலைல தூக்கி வெச்சுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. என்னைச் செருப்பால அடிங்க மேடம். மணி நாலு அடிக்கப் போகுது. அந்த லெட்டர கிழிச்சுப் போட்டுடுங்க. நான் இப்பவே நேரா துணைவேந்தர்கிட்ட போறேன். பொய்யா எழுதினது நான்தான், மேடத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன். வேலை போனா போகட்டும். பாப்பா வேற எங்கயாவது படிப்பா. உங்க பேப்பர் நிக்கட்டும்.

– உக்காருங்கண்ணா.

– நேரம் இல்ல மேடம். அஞ்சு மணிக்குள்ள...

– உக்காருங்க. நான் உங்களுக்குப் படிச்சது என்கிட்ட இருக்கற நகல். அந்த லெட்டர் காலைல பத்து மணிக்கே பத்திரிகைக்குப் போயிடுச்சு. அந்த பாட்டில என் கையாலதான் திறந்தேன், அப்பவே அது தேதி முடிஞ்சிருந்ததுன்னு சத்தியம் பண்ணி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.